தோட்டத்து மருத்துவமும் துண்டுச் சீட்டும்

இலங்கையிலே மருத்துவம் இலவசம் என்பது நாடறிந்த செய்தி. அரசினர் மருத்துவமனையின் வாயிலிலே நின்று காசு கேட்பார் எவருமிலர். அவ்வாறிருக்க, வறிய குடும்பத்தார் தம் மருத்துவத்துக்காக அரசினரிடம் விண்ணப்பம் செய்யவேண்டிய தேவை யாது என வினவுவோர் உளர். வினா நியாயமானதே. மருத்துவர் இலவசம், கட்டில் இலவசம், மருந்தகத்திலே இருப்புள்ள மருந்தும் இலவசம். ஆயினும், சுருங்கிய இதயக் குழாயை விரித்து நிறுத்தும் ஸ்டென்ட், கண்ணுக்குள் வைக்கும் வில்லை, மருத்துவமனையிற் செய்ய இயலாத பரிசோதனை, கண்டிக்குப் போய் மீளும் வண்டிச் சத்தம், நோயாளிக்குத் துணையிருப்பவள் இழக்கும் நாட்சம்பளம் ஆகியவை எப்பொழுதும் இலவசமாக வருவன அல்ல.

இக்குறையை ஓரளவு நீக்குதற்கென அரசினர் வகுத்த வழிகள் சில உள. 1978-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஜனாதிபதி நிதியம், குறைந்த வருமானமுடையோரின் பெருஞ் சத்திரசிகிச்சைகளுக்கு உதவுகிறது. 2023-இலே தொடங்கிய அஸ்வெசும என்னும் நலன்புரித் திட்டம், வறிய குடும்பங்களோடு சிறுநீரக நோயாளர், மாற்றுத்திறனாளர், முதியோர் ஆகியோருக்கும் மாதந்தோறும் கொடுப்பனவு வழங்குகிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு 2017-இல் வந்த சுரக்ஷா காப்புறுதி உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் யாரோ ஒருவர் ஒப்பமிட விடப்பட்ட ஓர் இடம்.

நேயர்களே, அப்படிவங்களை எவ்வாறு நிரப்புவது என்பதன்று இன்றைய பேச்சின் பொருள். ஹற்றனுக்கு இப்பால், வட்டவளைக்கும் குடாகமைக்கும் இடையிலே, புகையிரதப் பாதையும் நெடுஞ்சாலையும் அருகருகே ஏறிச் செல்லும் றொசல்லவைப் போன்ற தோட்டப்புறங்களிலே, நோயாளிக்கும் மருந்துக்கும் இடையே இன்னொருவருடைய கையெழுத்து வந்து நின்ற வரலாற்றையே சொல்ல முற்படுகின்றேன். அவ்வரலாறு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு நீளமுடையது. அதனை அறியாமல், இன்று ஒரு தாய் படிவத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு ஏன் தயங்கி நிற்கிறாள் என்பதை விளங்கிக்கொள்ள முடியாது.

கோப்பிக் காலத்திலிருந்து தொடங்குவோம். 1820-களிலே கம்பளைப் பக்கத்தில் முளைகொண்ட கோப்பிச் செய்கை, 1840-களிலே கண்டி மலைகளெங்கும் பரவிற்று. அதற்கு வேண்டிய ஆட்கள் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்தனர். தோணியேறி மன்னார்க் கரையிலே இறங்கி, மாத்தளை வரையும் நூறு மைலுக்கு மேற்பட்ட வறண்ட காட்டுவழியை நடந்தே கடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் முறைக்காய்ச்சலும் வழியெங்கும் காத்திருந்தன. மாண்டோர் எத்துணையர் என்பதிலே வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. 1840-களிலே மாத்திரம் எழுபதினாயிரவர் இறந்தனர் என அக்காலத்துக் கொழும்புப் பத்திரிகையொன்று மதிப்பிட்டது. இது மிகை என்று பிற்காலத்தார் சிலர் கருதுவர். மிகையென்றே கொண்டு பாதியாக்கினாலும், எஞ்சும் தொகை ஒரு பட்டினத்தின் மக்கட்டொகைக்கு நிகராகும். அவர்களுக்கென மருத்துவ ஏற்பாடு எனச் சொல்லத்தக்கது அன்று ஏதும் இருந்ததில்லை.

மலையை அடைந்தவர்க்கும் நிலைமை பெரிதும் வேறன்று. துரையின் பங்களாவிலே ஒரு மருந்துப் பெட்டி இருக்கும். விளக்கெண்ணெயும் கொயினாவும் பேதியுப்பும் அதனுள் இருக்கும். மருத்துவம் கல்லாத துரையே மருத்துவர். 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கத் தொழிற் சட்டம், நோயுற்ற தொழிலாளிக்கு உறைவிடமும் உணவும் மருத்துவமும் அளித்தல் முதலாளியின் கடமை என்றது. சட்டப் புத்தகத்திலே அது நல்ல வாசகமே. ஆனால், அதே சட்டம்தான் சொல்லாமல் தோட்டத்தை விட்டு நீங்கும் தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பவும் இடமளித்தது. ஒரு கையால் மருந்தும் மறு கையால் விலங்கும் நீட்டிய அச்சட்டத்தின் இயல்பை, பின்னர் வந்த எல்லா ஏற்பாடுகளிலும் ஓரளவு காணலாம்.

1872-ஆம் ஆண்டிலேதான் முதன்முறையாக அரசு நேரடியாகத் தலையிட்டது. அவ்வாண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்து, அவற்றுக்கு மருத்துவரும் மருத்துவமனையும் ஏற்படுத்த வகைசெய்தது. செலவுக்குப் பணம் எங்கிருந்து வருவது? பயிர்செய்த நிலத்தின் ஏக்கர்க் கணக்கிலே தோட்டங்களின்மீது வரி விதிக்கப்பட்டது. மாவட்ட அலுவல்களை நடத்தும் பொறுப்பு தோட்டத் துரைமாரே அடங்கிய குழுக்களுக்குச் சென்றது. கட்டுப்பட வேண்டியவரே கண்காணிப்பாளருமானால் காரியம் எவ்வாறு நடக்கும் என்பதை ஊகிப்பதற்குப் பெரும்புலமை வேண்டியதில்லை. 1880-களிலே வந்த திருத்தச் சட்டங்கள் அதிகாரத்தை அரசின் கைக்கு மாற்றி, ஏற்றுமதியாகும் கோப்பி, தேயிலை, கொயினாப்பட்டை, கொக்கோ ஆகிய விளைபொருள்கள்மீது தீர்வை விதித்து, அதனை மருத்துவச் செலவுக்கென ஒதுக்கின.

இவ்விடத்திலே சற்று நின்று நோக்குதல் தகும். கப்பலேறிய தேயிலை ஒவ்வோர் இறாத்தலிலும் ஒரு சிறு பங்கு தோட்டத்து மருத்துவத்துக்கெனப் பிரிந்தது. அத்தேயிலையைக் கிள்ளியவர் எவர்? கூடை சுமந்து மடுவத்திலே நிறுத்தவர் எவர்? இன்றைய வழக்கிலே காப்புறுதிக்குத் தவணைப்பணம் கட்டுதல் என்கிறோமே, அதனை ஒத்த ஒன்றை மலைநாட்டுத் தொழிலாளர் தம் உழைப்பாலே நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கட்டிவிட்டனர். ஆயின், அவர்கள் பெயரிலே பற்றுச்சீட்டு எழுதப்படவில்லை. மருத்துவம் அவர்களுக்கு இரங்கி வழங்கிய கொடையென்றே எழுதப்பட்டது. அவர்களும் அவ்வாறே எண்ணப் பழக்கப்பட்டனர். இதுவே இவ்வரலாற்றின் மையம் என்பது என் துணிபு.

இனித் துண்டுக்கு வருவோம். அரசினர் மருத்துவமனையிலே தோட்டத் தொழிலாளி ஒருவன் படுத்திருக்கும் நாட்களுக்கு அவனுடைய தோட்டத்திடம் கட்டணம் அறவிடப்பட்டது. ஆகவே, இவன் எங்கள் ஆள், இவனுக்குரிய செலவை நாங்கள் ஏற்போம் எனத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு தேவையாயிற்று. கணக்கப்பிள்ளையிடம் முறையிட்டு, அவர் கங்காணியை வினவி, பின்னர் துரையின் கையொப்பம் பெற்று, அத்துண்டோடு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். துண்டு எழுதினால் தோட்டத்துக்குச் செலவு. எழுதாமற் கைமருந்து கொடுத்து லயத்திலே கிடத்தினால் செலவில்லை. இதன் விளைவு யாதாயிற்று? உயிர் போகும் தறுவாயிலேதான் நோயாளரை அனுப்புகின்றனர் என்று அக்காலத்து மருத்துவ அலுவலர் அரசுக்கு மீண்டும் மீண்டும் முறையிட்டனர். மருத்துவமனைகளின் மரணக் கணக்கு உயர்ந்தது. அதைக் கண்ட தொழிலாளர், ஆசுபத்திரி என்பது சாகப் போகுமிடம் என அஞ்சி ஒளிந்தனர். அவர்களின் அச்சத்தை அறியாமை என்று எழுதிவைத்தனர் பலர். கணக்கைப் பார்த்தவன் அஞ்சினான். அதில் அறியாமை எங்கே உள்ளது?

துண்டு என்னும் சொல்லுக்குத் தோட்டத்திலே இன்னொரு பொருளும் இருந்தது. ஒரு கங்காணியின் ஆட்கள் மீது இன்ன தொகை கடன் உண்டு, அதனைக் கட்டுவோர்க்கு இவர்களை விடுவிப்போம் என எழுதப்பட்ட சீட்டும் துண்டே. அத்துண்டு கைமாறும்போது மனிதரும் கைமாறினர். பல்லாண்டுக் கண்டனத்தின் பின்னர் 1921-ஆம் ஆண்டின் சட்டம் அம்முறையை ஒழித்தது. கடன் துண்டு போயிற்று. மருந்துத் துண்டு நின்றது. சம்பள விவரம் எழுதிய தாளை இன்றும் சம்பளத் துண்டு என்கிறோம். மருத்துவமனையிலிருந்து நோயாளியை விடுவித்தலைத் துண்டு வெட்டுதல் என்று இலங்கைத் தமிழர் கூறுவதும் உண்டு. ஒரு சிறு சொல் எத்தனை வாயில்களிலே காவல் நிற்கின்றது பாருங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே நிலைமை சிறிது மாறிற்று. 1912-ஆம் ஆண்டிலே மருத்துவத் தேவைகள் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. தொழிலாளர் நோய்கள் குறித்து வேறொரு சட்டமும் உடன் வந்தது. லயங்களைச் சுகாதார நிலையிலே வைத்திருத்தல், நோயையும் பிறப்பையும் இறப்பையும் அறிவித்தல், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் அளித்தல் ஆகியவை தோட்டத்தின் கடமைகளாயின. தமக்கென மருந்துச்சாலையும் மருத்துவமனையும் வைத்திருக்கும் தோட்டங்களுக்கு அரசு சலுகை அளித்தமையால் அவை பெருகின. டிஸ்பென்சர் என்னும் மருந்தாளர், தொழிலாளர் வாயிலே டொக்டர் ஐயா ஆனார். பலர் முழு மருத்துவக் கல்வி பெற்றவரல்லர் என்பது உண்மை. ஆயினும், நள்ளிரவிலே அரிக்கன் விளக்கோடு மலையேறிச் சென்று பிரசவம் பார்த்தவரும் அவர்களே. அவர்களைக் குறைகூறுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே நிறுத்தல் வேண்டும். டொக்டர் ஐயாவுக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். ஆகவே, இன்றைக்கு இவனால் வேலை செய்ய இயலுமா என்ற கேள்விக்கு அவர் விடை சொல்லும்பொழுது, துரையின் முகமும் அவர் கண்முன் நின்றது. இது தனியொருவர் குற்றமன்று, அமைப்பின் குற்றம்.

இக்காலத்திலேதான் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தார் கொழுக்கிப்புழு ஒழிப்பு முயற்சியை இலங்கையிலே தொடங்கினர். 1916-இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே பணி ஆரம்பமாயிற்று. சோதிக்கப்பட்ட தொழிலாளருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோரிடம் அப்புழு காணப்பட்டது. வெறுங்காலோடு ஈரமண்ணிலே நடப்போரின் தோலைத் துளைத்துப் புகுந்து, குடலைப் பற்றி, இரத்தத்தைச் சிறுகச் சிறுக உறிஞ்சும் புழு அது. சோம்பேறிகள் என்று ஏசப்பட்ட மக்கள் உண்மையிலே இரத்தம் வற்றியவர்கள் என்பது நுண்பெருக்கியின் கீழே தெரிந்தது. தைமோல் என்னும் ஓமவுப்பைக் கொடுத்துப் புழுவை வெளியேற்றினர். தேறியவர் மிகுதியாக உழைத்தமை கண்டு துரைமார் மகிழ்ந்தனர். ஆனால், மலகூடம் கட்டுதற்குப் பணம் செலவிடப் பல தோட்டங்கள் முன்வரவில்லை. மலகூடமில்லாத மண்ணிலே புழு மறுபடியும் காலைத் துளைத்தது, மறுபடியும் ஓமவுப்பு. மருந்து மலிவு, சுவர் செலவு என்ற இக்கணக்கு, மலைநாட்டு வரலாற்றிலே பின்னரும் பலமுறை தலைகாட்டியது.

நாட்டின் பிற பகுதிகளிலே இதே காலத்தில் வேறொரு வளர்ச்சி நிகழ்ந்தது. 1926-இலே களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. மருத்துவ மாதும் பொதுச் சுகாதார அலுவலரும் கிராமத்து வீடுகளின் படியேறிச் செல்லும் முறை அங்கிருந்து நாடெங்கும் பரவியது. 1931-இலே சர்வசன வாக்குரிமை வந்தபின், தேர்தலில் வெல்ல விரும்பியவர் தம் தொகுதிக்கு ஒரு மருத்துவமனையேனும் கொணரவேண்டியதாயிற்று. இலங்கையின் இலவச மருத்துவத்தின் வேர் இங்கேதான் உள்ளது என அறிஞர் கூறுவர். ஆனால், அம்மருத்துவ மாது தோட்டத்தின் எல்லையிலே நின்றுவிட்டாள். தோட்டம் தனியார் நிலம். அதற்கெனத் தனிச் சட்டமும் தனி டிஸ்பென்சரும் உண்டு. அரசின் பொதுப்பணி அங்கே புகவேண்டியதில்லை என்பது எழுதாத விதியாக நிலைத்தது. 1939-ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டமும் தோட்டத்துப் பெண்களுக்கென மாற்று நன்மை என்று வேறொரு பிரிவை வைத்தது. ஒரே நாட்டிலே பிள்ளைப்பேற்றுக்கு இருவகைக் கணக்கு.

சுதந்திரம் இந்த வேலியைத் தகர்த்திருக்கவேண்டும். நடந்தது அதற்கு எதிர்மாறானது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1949-இலே வந்த இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் செய்து குடியுரிமை பெறலாம் என்றனர். ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மாந்தர் பெயரால், 1951 ஆகஸ்ட் மாதத்தில் முடிந்த தவணைக்குள் சென்றன. மலைநாட்டார் தம் வாழ்நாளிலே கண்ட மிகப்பெரிய விண்ணப்பம் அதுவே. இத்தனை ஆண்டு இடையறாது இங்கு வாழ்ந்தேன் என்பதற்குச் சான்று காட்டவேண்டும். சான்று எங்கே இருந்தது? தோட்டத்தின் செக்ரோலிலும், துரை அறிவித்துப் பதிந்த பிறப்புப் பதிவிலும். கறுப்பையா என்ற பெயர் ஓரிடத்திலே ஒருவாறும் இன்னோரிடத்திலே வேறொருவாறும் எழுதப்பட்டிருந்தமையால் தள்ளுண்ட மனுக்கள் பல. பத்தாண்டுக்கு மேற்பட்ட விசாரணையின் முடிவிலே குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர் மாத்திரமே.

குடியுரிமைக்கும் மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு என்று எண்ணுதல் வேண்டா. வாக்கில்லாதவனுக்குப் பிரதிநிதி இல்லை. பிரதிநிதி இல்லாத இடத்துக்கு மருத்துவமனை வருவதில்லை. குழந்தை மரணக் கணக்கே இதற்குச் சான்று. 1940-களிலே தோட்டப்புறக் குழந்தை மரணம் நாட்டின் சராசரிக்கு அணித்தாகவே நின்றது. அதன்பின் நாட்டின் கணக்கு விரைந்து தாழ்ந்தது. தோட்டத்தின் கணக்கோ பின்தங்கியது. உணவுத் தட்டுப்பாடு மலைநாட்டை வாட்டிய 1974-ஆம் ஆண்டிலே, தோட்டங்களிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் நூற்றுக்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் மடிந்தன. நாட்டின் சராசரியோ அதனினும் மிகக் குறைவே. 1964 ஒக்டோபரிலே சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தமும், 1974-இலே அதனைத் தொடர்ந்த ஒப்பந்தமும் மக்களை எண்ணிப் பிரித்தன. எஞ்சியோரின் நாடற்ற நிலை 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், இறுதியாக 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டத்தாலும் நீங்கியது. 1948-இலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

இதற்கிடையே தோட்டங்களின் உடைமையும் கைமாறிக்கொண்டே இருந்தது. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அப்பொழுதும் அவற்றின் மருந்துச்சாலைகள் சுகாதார அமைச்சின்கீழ் வரவில்லை. 1992-இலே முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 1990-களிலிருந்து தோட்ட மருத்துவமனைகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. மருத்துவ மாதர் லயங்களுக்குள் வந்தனர். தடுப்பூசியும் தாய்சேய்ப் பராமரிப்பும் நாட்டின் பிறபகுதிகளோடு பெரிதும் ஒத்துவந்தன. டிக்கோயாவிலே இந்திய அரசின் உதவியோடு கட்டிய 150 கட்டில் மருத்துவமனை 2017 மே மாதம் 12-ஆம் நாள் திறக்கப்பட்டது. றொசல்லப் பகுதி மக்கள் வட்டவளை மருத்துவமனைக்கு அடுத்தபடியாக நாடுவது அதனையே. இவை சிறிய மாற்றங்கள் அல்ல. மலைநாட்டிலே எதுவும் மாறவில்லை என்று மேடையிலே முழங்குவோரோடு நான் உடன்படுவதில்லை.

ஆனால், கையெழுத்தின் கதை முடியவில்லை. பாடசாலை அதிபர் என்ற முறையிலே எனக்கே இதில் ஒரு பங்குண்டு. ஏறத்தாழ 45 இலட்சம் மாணவர்க்கென வந்த சுரக்ஷா காப்புறுதி, பொருளாதார நெருக்கடியை அடுத்து இடையறுந்து, 2024-இலே மீண்டும் வந்தது. பிள்ளை மருத்துவமனையிலே தங்கினால் அதற்குரிய உதவிக்கு விண்ணப்பிக்கும் படிவத்திலே அதிபரும் உறுதிப்படுத்தி ஒப்பமிடவேண்டும். அன்று துரை அமர்ந்த நாற்காலியின் ஒரு மூலையிலே இன்று நானும் அமர்ந்திருக்கின்றேன் என்ற எண்ணம், பேனாவை எடுக்குந்தோறும் எனக்கு வருவதுண்டு. பெற்றோர் வாயிற்படியிலே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பர். உள்ளே வந்து அமருங்கள் என்றால் அமரார். ஐயா பெரிய மனதுவைக்கவேண்டும் என்பர். இதிலே என் மனதுக்கு வேலையில்லை, அம்மா, இது உங்கள் பிள்ளைக்கு உரியது என்று சொன்னால், நம்பியும் நம்பாமலும் புன்னகை செய்வர். பாட்டன் காலத்திலே கற்ற பாடம் ஒரு வாக்கியத்தால் மறக்குமா?

தந்தை ஒருவர் மகனின் பத்திரங்களைக் கொணர்ந்தார். பிறப்புச் சான்றிதழிலே ஒரு பெயர். மருத்துவமனையின் கிளினிக் கொப்பியிலே அப்பெயரின் சிங்களவழி உருமாற்றம். தந்தையின் அடையாள அட்டையிலே அவர் பெயரே வேறொரு வடிவம். மூன்றும் ஒரே குடும்பத்தைக் குறிப்பன என்பதற்கு உறுதிக்கடதாசி வேண்டும் என அவர் சென்ற அலுவலகத்திலே கூறிவிட்டனர். அதற்காக இரு நாட் சம்பளத்தை இழந்தார். அந்த அலுவலர்மீது எனக்குக் கோபமில்லை; விதி அவ்வாறு இருந்தது. ஆனால், 1951-இலே தள்ளுண்ட மனுக்களின் காரணமும் இதுவே அன்றோ? பெயரைத் தவறாக எழுதியவர் ஒருவர். அதன் விலையைக் கட்டுபவர் இன்னொருவர்.

அஸ்வெசும விண்ணப்பத்திலே வேறுவகைச் சிக்கல். வீடு, சொத்து, மின்சாரம், கல்வி, உடல்நலம், குடும்ப அமைப்பு ஆகியவற்றை அளந்து புள்ளியிட்டு வறுமையைக் கணிக்கும் முறை அது. முறை விஞ்ஞான ரீதியானதே. ஆனால் லயத்தை மனதிற்கொண்டு அமைந்ததாகத் தோன்றவில்லை. ஒரு காம்பராவிலே மூன்று குடும்பம் இருப்பின் அது ஒரு வீடா, மூன்று வீடா? தோட்டம் கட்டிய சுவர் தொழிலாளியின் சொத்தா? சம்பளத் துண்டிலே காணும் தொகை வருமானமா, அல்லது பிடித்தங்கள் போகக் கையிலே விழுவது வருமானமா? இவ்வினாக்களுக்கு ஒவ்வொரு கணக்கெடுப்பாளரும் ஒவ்வொரு விடை கொண்டால், அடுத்தடுத்த காம்பராவிலே இருக்கும் ஒரே நிலையினருள் ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடையாமற் போவதில் வியப்பில்லை. மேன்முறையீடு செய்ய வழி உண்டு. வழி உண்டென்று அறிந்தவர் முறையிட்டனர்.

ஜனாதிபதி நிதியத்தைப் பொறுத்தவரையில் ஒரு நல்ல மாற்றத்தைச் சொல்லியாகவேண்டும். முன்னெல்லாம் அதன் அலுவல் அனைத்தும் கொழும்பிலேயே நடந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்களிலேயே மருத்துவ உதவிக்கான விண்ணப்பத்தைக் கையளிக்க வழிசெய்யப்பட்டது. றொசல்லவிலிருந்து கொழும்புக்குச் செல்வதற்கும், கினிகத்தேனையிலுள்ள அம்பகமுவ பிரதேச செயலகத்துக்குச் செல்வதற்கும் உள்ள வேறுபாட்டை நோயாளியே அறிவான். மருத்துவர் எழுதித்தரும் விவரமும், கிராம உத்தியோகத்தரிடமிருந்து வருமானத்தை உறுதிப்படுத்தும் பத்திரமும் வேண்டும். சத்திரசிகிச்சை முடியும்வரை பொறுத்திராமல் முன்னரே விண்ணப்பித்தல் நன்று. அம்பகமுவ உட்பட நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999-இலே சிங்களமும் தமிழும் வழங்கும் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை; ஆதலால் தமிழிலே படிவம் கேட்பதும் தமிழிலே விடை பெறுவதும் சட்டம் அளித்த உரிமை. தமிழ்ப் படிவம் தீர்ந்துவிட்டது என்று யாரேனும் கூறினால், எப்போது வரும் என்று பணிவோடு வினவித் திகதியைக் குறித்துக்கொள்ளலாம். என் மாணவர்க்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுவே: தாத்தாவுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுக்கும் பிள்ளைக்கு, கட்டுரைப் பாடத்திலே வேறு பயிற்சி தேவைப்படாது.

இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. பிரதேச சபைகள் தோட்டத்துள்ளே பணிசெய்யத் தடையாயிருந்த சட்டவிதி 2018-இலே திருத்தப்பட்டது. வீதியும் விளக்கும் தோட்டத்துக்குள் வர வழி பிறந்தது. ஆயினும், லயத்திலே வாழ்வோரிற் பெரும்பாலாருக்குத் தமக்கென ஒரு முகவரி கிடையாது. வீட்டிலக்கமும் வீதிப் பெயரும் இல்லை. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர் அவ்வளவே. விண்ணப்பப் படிவத்தின் இரண்டாம் வரியிலே முகவரி என்று கேட்கும் இடத்தில், தோட்டக் காரியாலயத்தின் முகவரியையே எழுதுகின்றனர். உமது சத்திரசிகிச்சைக்கு உதவி அனுமதிக்கப்பட்டது, இன்ன நாளுக்குள் இன்ன பத்திரத்தைச் சமர்ப்பிக்குக என்று அறிவிக்கும் கடிதம், தபாற்காரரின் பையிலிருந்து அக்காரியாலயத்து மேசைக்குச் செல்கிறது. அங்கிருந்து யாரேனும் மலையேறி அப்பிரிவுக்குச் செல்லும் நாளிலே, அவர் கையிலே கொடுத்தனுப்பப்படுகின்றது.